வெயில் பட்டா மனசுக்கு என்ன நடக்குது? யூவி கதிர், தோல், ஹோர்மோன் பத்தி ஒரு எளிய விளக்கம்

திருகோணமலை உப்புவெளி கடற்கரைக்கு சீசன் நேரம் பகல் பன்னெண்டு மணிக்குப் போய்ப் பாத்தீங்க எண்டா ரெண்டு விதமான ஆக்கள் தெரிவாங்க. ஒரு பக்கம் வெள்ளைக்காரர், துவாயை விரிச்சுப் போட்டு முதுகு சிவக்கச் சிவக்கக் கிடப்பாங்க, முகத்தில அப்பிடி ஒரு திருப்தி. மற்றப் பக்கம் எங்கட ஆக்கள், குடையைப் பிடிச்சுக்கொண்டு தென்னை நிழலுக்குள்ள நிண்டு "கறுத்துப் போயிடுவாய், இஞ்சால வா" எண்டு பிள்ளைகளக் கூப்பிட்டுக்கொண்டு இருப்பாங்க. வெயில் மனசுக்கு நல்லம் எண்டு அவங்க நம்புறாங்க, வெயில் உடம்புக்குக் கூடாது எண்டு நாங்க நம்புறம். ரெண்டுமே பாதி பாதி சரி.

ஏனெண்டா வெயில் எங்கட மனசுக்குள்ள வாறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு கண், மற்றது தோல். கண்ணால உள்ள போய் வேல செய்யுறது எங்களுக்குத் தெரியுற சாதாரண வெளிச்சம். தோல் வழியா வேல செய்யுறதுதான் யூவி, அதாவது புற ஊதாக் கதிர். இந்த ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பிறதாலதான் விடியக்காலமை செய்ய வேண்டியத மத்தியானத்திலயும், மத்தியானம் கொஞ்சமாச் செய்ய வேண்டியத விடியக்காலமையும் செய்துகொண்டு இருக்கிறம். மிச்சத்த விளங்கிக்கொள்ள இது ஒண்டு மனசில இருந்தாக் காணும்.

முதல்ல யூவி எண்டா என்ன எண்டு பாப்பம். வானவில்லில ஊதா நிறத்தோட எங்கட கண் முடிஞ்சு போகுது, ஆனா ஒளி அங்க முடியேல்ல. 1801ல யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் எண்ட ஜெர்மன்காரர், ஒளி பட்டாக் கறுக்கிற சில்வர் குளோரைட்ட வச்சுப் பாத்தார், ஊதாவுக்கு அங்கால ஒண்டுமே தெரியாத இருட்டிலதான் அது இன்னும் கெதியாக் கறுத்துது. அதுதான் யூவி. இதில மூண்டு வகை இருக்கு. 315இலருந்து 400 நனோமீட்டர் வரைக்கும் யூவி ஏ, 280இலருந்து 315 வரைக்கும் யூவி பி, அதுக்கும் கீழ யூவி சி. யூவி சிய மேல காத்து மண்டலமும் ஓசோனும் சேர்ந்து முழுசாப் பிடிச்சு வச்சிடும், கீழ வராது. தரைக்கு வாறதில நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு யூவி ஏ, மிச்சம் கொஞ்சந்தான் யூவி பி, ஆனா அந்தக் கொஞ்சந்தான் ஹோர்மோன் வேலயில கனக்கச் செய்யுது.

சாதாரணக் கண்ணாடி யூவி பிய மறிச்சிடும், யூவி ஏயில ஒரு பெரிய பங்க உள்ள விடும். திருமலையிலருந்து கொழும்புக்கு ஓடுற பஸ் டிரைவர்மாரிட கையக் கவனிச்சுப் பாருங்க. வருசக்கணக்கா ஓடினவரிட வலது முழங்கைக்குக் கீழ இருக்கிற தோல் இடது கைய விடக் கறுத்து, கொஞ்சம் தடிச்சு, சுருக்கமும் விழுந்திருக்கும். ஸ்டியரிங் வலப்பக்கம், யன்னல் பக்கம் வலது கை, அதால வந்தது. அதே டிரைவர் கண்ணாடிய மூடி ஏசி போட்டுக்கொண்டு ஓடினா நாள் முழுக்க வெயிலுக்குள்ள இருந்தும் விட்டமின் டி உண்டாகாது, ஏனெண்டா அதுக்கு வேணும் எண்டது யூவி பி.

இன்னொரு குழப்பம், சூடு. யூவிய எங்களால உணர ஏலாது. தோலில சுடுற மாதிரி இருக்கிறது அகச்சிவப்புக் கதிரும் காத்திட வெப்பமும்தான். கடல் காத்து அடிச்சா "இண்டைக்கு வெயில் குறைவு" எண்டு நினைச்சு கூடின நேரம் நிப்பம், ஆனா யூவி அப்பிடியே அடிச்சுக்கொண்டுதான் இருக்கும். கடல் நுரை தன்னில படுற யூவியில கால் பங்க திருப்பி அடிக்கும், காஞ்ச மணல் நூத்துக்குப் பதினைஞ்சு அளவு திருப்பி அடிக்கும், தண்ணிக்குள்ள அரை மீட்டர் ஆழத்திலயும் மேல இருக்கிறதில நாப்பது வீதம் இருக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதாலதான் புறாமலைத் தீவில ஸ்நோர்க்கல் போட்டுக்கொண்டு குப்புறக் கிடந்து பவளப்பாறை பாத்தவங்களுக்கு அண்டிரவு முதுகு படுக்க விடாது. இதுக்கு மறுபக்கமும் இருக்கு. மே மாசத்துக்குப் பிறகு கச்சான் எண்ட சூடான தென்மேல் காத்து அடிக்கத் தொடங்கினா ஊரில எல்லாருக்கும் கோவம் மூக்கு நுனியில நிக்கும், வீட்டுக்குள்ள சண்டை, ரோட்டில ஹோர்ன். அத வெயில் செய்யுற வேல எண்டு சொல்லுவம். மெய்யா அது யூவி இல்ல, சூடும் நித்திரை இல்லாததும் உடம்பில தண்ணி குறையுறதும்தான்.

எங்கட ஊர் கிடக்கிறது பூமத்திய ரேகைக்கு வடக்கால எட்டரைப் பாகையில. ஒவ்வொரு ஏப்ரல் மாசமும் 5ம் திகதி அளவிலருந்து புத்தாண்டு வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் மேல உச்சம் குடுக்குது எண்டு நியூஸில சொல்லுவாங்களே, திருமலைக்கு அது புத்தாண்டுக்கு ஒண்டு ரெண்டு நாள் முன்னால வரும், பிறகு ஓகஸ்ட் கடைசியில இன்னொருக்கா வரும். அந்த நேரம் முகில் இல்லாட்டி மத்தியானம் யூவி இண்டெக்ஸ், அதாவது யூவி எவ்வளவு பலம் எண்டு காட்டுற நம்பர், 11க்கு மேல சும்மா போகும், 11க்கு மேலதான் உலக அளவுகோலில கடைசிப் படி. போனில வெதர் அப்பில இந்த நம்பர் இருக்கு, ஆனா அதுவும் தேவையில்ல, உங்கட நிழலப் பாருங்க. நிழல் உங்கட உயரத்த விடக் கட்டையா இருந்தா யூவி பலமா அடிக்குது எண்டு அர்த்தம்.

இப்ப கண் வழிக்கு வருவம். வயசு வந்தவங்கட கண்ணில கோர்னியாவும் லென்ஸும் சேர்ந்து யூவிய ஏறக்குறைய முழுசா உறிஞ்சி எடுத்திடும், விழித்திரைக்குப் போறது நூத்தில ஒண்டு ரெண்டு பங்குதான். அப்ப வெளிச்சத்தப் பாத்தா மனசு தெளியுது எண்டுறது யூவியால வாறது இல்ல. விழித்திரையில படம் பாக்கிற கலங்களுக்குப் பக்கத்தில இன்னொரு கூட்டம் கலங்கள் இருக்கு, மெலனொப்சின் எண்ட பொருள் உள்ளது, 480 நனோமீட்டர் பக்கத்து நீல வெளிச்சத்துக்குத்தான் அது கூடுதலா அசையும். இத 2002 அளவிலதான் வடிவாக் கண்டுபிடிச்சாங்க. இந்தக் கலங்கள் படம் பாக்கிறது இல்ல, "விடிஞ்சிட்டுது" எண்டு மூளைக்குள்ள இருக்கிற கடிகாரத்துக்குச் சொல்லுறதுதான் வேல. அது கேட்டவுடன பினியல் சுரப்பி மெலடோனின் சுரக்கிறத நிப்பாட்டிடும். மெலடோனின் இரவு ஹோர்மோன், நித்திரைக்கு உடம்ப ஆயத்தப்படுத்திறது. அத 1958ல பிரிச்சு எடுத்த ஆரன் லேர்னர் ஒரு தோல் டொக்டர், தோல் நிறத்துக்கு என்ன காரணம் எண்டு தேடிக்கொண்டு போனவருக்கு நித்திரை ஹோர்மோன் அகப்பட்டுது. விஞ்ஞானத்தில இப்பிடித்தான், தூண்டிலப் போட்டது ஒண்டுக்கு, வந்தது வேறொண்டு.

காலமை நல்ல வெளிச்சம் கண்ணில பட்டா அண்டிரவு மெலடோனின் நேரத்துக்கு ஏறும், நித்திரை நேரத்துக்கு வரும், நித்திரை சரி எண்டா அடுத்த நாள் மூட் பாதி சரி. செரோடோனின் எண்ட மூளை ரசாயனத்திலயும் வெளிச்சத்துக்குத் தொடர்பு இருக்கு. 2002ல அவுஸ்திரேலியாவில 101 ஆரோக்கியமான ஆம்பிளைகளிட கழுத்தில, மூளையிலருந்து வாற பெரிய இரத்தக் குழாயிலருந்து நேரடியா இரத்தம் எடுத்துப் பாத்தாங்க, அண்டைக்கு எவ்வளவு நேரம் வெயில் எறிச்சுதோ அதுக்கு ஏத்த மாதிரி மூளையில செரோடோனின் உற்பத்தி கூடியிருந்துது, குளிர்காலத்தில ஆகக் குறைவா இருந்துது. கழுத்தில ஊசி குத்த 101 பேர் ஓம் எண்டு சொன்னத நினைச்சா எனக்கு இண்டைக்கும் ஆச்சரியம்.

எவ்வளவு வெளிச்சம் வேணும்? வீட்டுக்குள்ள ரியூப் லைட்ட போட்டா 100இலருந்து 300 லக்ஸ் இருக்கும், லக்ஸ் எண்டா வெளிச்சத்த அளக்கிற அலகு. வெளிய முகில் மூடின நாளிலயும் பத்தாயிரம் பக்கம் போகும், நல்ல வெயிலில ஒரு லட்சம். அதாவது மார்கழி மழைக்குள்ள வாசலில கதிரையப் போட்டு தேத்தண்ணி குடிக்கிறவருக்கு, உள்ள லைட்ட போட்டுக்கொண்டு டிவி பாக்கிறவர விடப் பல மடங்கு வெளிச்சம் கண்ணுக்குக் கிடைக்குது. கண்ணுக்கு வானம் திறந்து கிடந்தாக் காணும், சூரியன நேராப் பாக்கவே கூடாது.

அடுத்தது தோல். தோல் எண்டா உடம்ப மூடியிருக்கிற போர்வை எண்டு மட்டும் நினைக்காதீங்க, அது ஹோர்மோன் செய்யுற ஒரு உறுப்பு. யூவி பி பட்டா தோல் கலத்துக்குள்ள இருக்கிற டிஎன்ஏக்குக் காயம் வரும். அத உணர்ந்துகொண்டு பி53 எண்ட புரதம் எழும்பி ஒரு கட்டளை போடும், உடன ஒரு நீளமான புரதம் உண்டாகும், பேர் பொம்க். இத ஒரு முழு அறக்குளா மீன் எண்டு வச்சுக்கொள்ளுங்க, தலை குழம்புக்கு, நடுத்துண்டு பொரிக்க, வால் சொதிக்கு எண்டு ஒரே மீன மூண்டா வெட்டுற மாதிரி, இந்தப் பொம்கையும் தோல் துண்டு துண்டா வெட்டும். ஒரு துண்டு ஆல்ஃபா எம்எஸ்எச், அது பக்கத்துக் கலங்களுக்குப் போய் "மெலனின் செய்" எண்டு சொல்லும், நாங்க கறுக்கிறது அதால. இன்னொரு துண்டு ஏசிடிஎச், ஸ்ட்ரெஸ் ஹோர்மோன் கோர்ட்டிசோலத் தூண்டுறது. மூண்டாவது துண்டு பீட்டா எண்டோர்பின், மோர்பின் எந்த வாசலால மூளைக்குள்ள போய் வலியக் குறைச்சு சுகம் குடுக்குதோ அதே வாசலாலதான் இதுவும் போகும்.

இதில கவனிக்க வேண்டியது என்னெண்டா, கறுக்கிறதும் சுகமா இருக்கிறதும் ஒரே புரதத்திலருந்து வெட்டின ரெண்டு துண்டு. ரெண்டுக்கும் தொடக்கம் டிஎன்ஏக்கு வந்த காயம். அப்ப துவாயில கிடக்கிற வெள்ளைக்காரரிட முகத்தில இருக்கிற திருப்தி வெறும் லீவு சந்தோசம் மட்டும் இல்ல.

2014ல அமெரிக்காவில எலிகளிட முதுகு மயிரை வழிச்சு ஆறு கிழமை, கிழமைக்கு அஞ்சு நாள் யூவி அடிச்சுப் பாத்தாங்க, இரத்தத்தில பீட்டா எண்டோர்பின் கூடிச்சுது, வலி தாங்கிற அளவும் கூடிச்சுது. பிறகு போதைப்பொருளிட வேலய மறிக்கிற நலோக்சோன் மருந்தக் குடுத்தா, எலிகள் நடுங்கிச்சுது, பல்லுக் கடிச்சுது, போதைக்கு அடிமையான ஆள் அத விட்டாப் படுற அதே அவதி. மனுசரிலயும் 2006ல சின்ன அளவில பாத்தாங்க, யூவி லைட்டால தோலக் கறுக்கப்பண்ணுற டேனிங் கட்டிலில அடிக்கடி படுக்கிற 8 பேருக்கு அதே மாதிரி மருந்து நால்ட்ரெக்சோன் குடுக்க 4 பேருக்கு குமட்டலும் பதட்டமும் வந்துது, இடைக்கிட போறவங்களுக்கு ஒண்டும் வரேல்ல. ஆனா மனுசரிட இரத்தத்தில எண்டோர்பின் கூடுதா எண்டு அளந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவக் குடுக்கேல்ல, கூடின நேரமும் இருக்கு கூடாத நேரமும் இருக்கு. அதால "வெயில் ஒரு போதை" எண்டு ஒரே அடியா எழுதுறவங்கள நான் நம்பிறது இல்ல. சில ஆக்களுக்கு அது பழக்கமாகும், அவ்வளவு மட்டும் சொல்லலாம்.

எலியில வேற ரெண்டு சங்கதியும் வந்திருக்கு. 2021ல இஸ்ரேலில ஒரு குழு தோலில யூவி பி பட்ட எலிகளுக்கு பாலியல் ஹோர்மோன்கள் கூடுது எண்டு காட்டினாங்க. 2022ல அதே இடத்து ஆக்கள், யூவி பட்டா ஆண் எலிகளுக்கு பசி ஹோர்மோன் கிரெலின் கூடுது, பெண் எலிகளுக்குக் கூடேல்ல, பெண் ஹோர்மோன் ஈஸ்ட்ரோஜன் அத மறிக்குது எண்டு கண்டாங்க, ஆம்பிளைகளிட இரத்தத்திலயும் வெயிலுக்குப் பிறகு கிரெலின் கூடியிருந்துது. விடியத் தொடங்கி கரைவலை இழுத்த ஆக்கள் பத்து மணிக்கு ஒரு பார்சல் சோத்த எப்பிடி விழுங்குறாங்க எண்டதுக்கு இதக் காரணமாச் சொல்ல ஆசையாத்தான் இருக்கு, ஆனா வலை இழுக்கிற வேல இருக்கே, அதுவே காணும் பசிக்க.

இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச விட்டமின் டி. பேர் விட்டமின் எண்டாலும் அது நடந்துகொள்ளுறது ஹோர்மோன் மாதிரி. தோலில கொலஸ்ட்ரோலுக்குச் சொந்தமான ஒரு பொருள் இருக்கு, யூவி பி பட்டா அது உடைஞ்சு மாறி டி3 ஆகும், ஈரலுக்குப் போய் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில இன்னொரு மாற்றம், அதுக்குப் பிறகுதான் வேல செய்யுற வடிவம். அது குறைஞ்சா கல்சியம் குறையும், கழுத்தில இருக்கிற பராதைரோயிட் சுரப்பி ஹோர்மோன ஏத்தி எலும்பிலருந்து கல்சியத்த இழுக்கும், உடம்பு உளைவு, தசை நோ, களைப்பு வரும். நாள் முழுக்க உடம்பு உளைஞ்சா மனசு எப்பிடி நல்லா இருக்கும்? மூளையிலயும் இதுக்கு ஏற்பிகள் இருக்கு, மனச்சோர்வு உள்ள ஆக்களில டி குறைவா இருக்கிறத கனக்க ஆய்வில கண்டிருக்கிறாங்க.

ஆனா டி குறைஞ்சதால சோர்வு வந்துதா, சோர்வு வந்து வீட்டுக்குள்ளயே கிடந்ததால டி குறைஞ்சுதா? அதப் பாக்கத்தான் அமெரிக்காவில 50 வயசுக்கு மேற்பட்ட 18,353 பேருக்கு அஞ்சு வருசம் அளவுக்கு ஒரு பகுதிக்கு தினம் 2000 யூனிட் டி3யும் மற்றவங்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் குடுத்தாங்க. 2020ல முடிவு வந்துது. மனச்சோர்வு வாறதில ரெண்டு பகுதிக்கும் வித்தியாசம் இல்ல. அதால டெஸ்ட் பண்ணாம பார்மசியில டி குளிசைய வாங்கி "மூட் சரியாகும்" எண்டு விழுங்கிறதில அர்த்தம் இல்ல, உண்மையா டி குறைவு எண்டா எலும்புக்காக எடுக்கத்தான் வேணும்.

இதிலதான் எங்கட ஊர்ப் பெரிய நம்பிக்கை ஒண்டு அடிபடுது. "காலமை ஆறரை ஏழு மணி இளவெயிலில நிண்டா விட்டமின் டி." இல்ல. அந்த நேரம் சூரியன் சாஞ்சு கிடக்கும், கதிர் நீளத்துக்குக் காத்து மண்டலத்துக்குள்ளால வரும், யூவி பிய அது ஏறக்குறைய முழுக்க வடிச்சு எடுத்திடும். டி உண்டாக நிழல் கட்டையாகிற நேரந்தான் வேணும், ஒன்பதரை பத்துக்குப் பிறகு, அதுவும் கொஞ்ச நேரம். கறுத்தத் தோலுக்கு மெலனின் மறிக்கிறதால வெள்ளைத்தோலுக்குக் காணுற நேரத்தில சில மடங்கு வேணும், எண்டாலும் உடுப்புக் காயப்போட, சந்தைக்கு நடந்து போக எடுக்கிற நேரத்தில கையும் முகமும் பட்டாலே எங்கட பக்கம் கனபேருக்குக் கிடைக்கும். கனநேரம் நிண்டா கூடுதலா டி வராது, ஒரு அளவுக்கு மேல தோலே அத வேற பொருளா மாத்திப்போடும், மிச்சம் எரிவு மட்டும். ஒஃபிஸுக்குள்ளயே இருக்கிறவங்க, உடம்ப முழுக்க மூடி உடுத்துறவங்க, வயசான ஆக்கள் சூரை, சாளை மீனையும் முட்டை மஞ்சள் கருவையும் சாப்பாட்டில சேக்கலாம்.

அப்ப இளவெயில் வீணா? அதுதான் இல்ல. டச்சு பே கடற்கரையிலயோ நிலாவெளியிலயோ விடியக் கடலுக்கு மேல சூரியன் வாற நேரம் அரை மணித்தியாலம் நடந்தா, யூவி இண்டெக்ஸ் ஒண்டு பக்கம்தான் இருக்கும், தோலுக்குப் பயம் இல்ல, கண் வழியா வேண்டிய வெளிச்சம் முழுசாக் கிடைக்கும். மனசுக்குத் தேவையான பங்கு பெரும்பாலும் அதுதான். குளிர் நாடுகளில மனச்சோர்வுக்குக் குடுக்கிற 10,000 லக்ஸ் லைட்டும் காலமை அரை மணித்தியாலம், அதில யூவிய வடிச்சு எடுத்துப்போட்டுத்தான் குடுக்கிறாங்க.

குளிர் நாடு எண்டவுடன வெளிநாட்டில இருக்கிற எங்கட சொந்தக்காரர் ஞாபகம் வரும். இஞ்ச ஆகக் கூடின பகலுக்கும் ஆகக் குறைஞ்ச பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் அளவுதான். ஒஸ்லோவில மார்கழியில பகலே ஆறு மணித்தியாலம். 42 பாகையில இருக்கிற பொஸ்டனில நவம்பரிலருந்து பெப்ரவரி வரைக்கும் வெயிலில நிண்டாலும் தோலில டி உண்டாகாது எண்டு 1988லயே காட்டினாங்க, டொரோண்டோ அதுக்கும் வடக்கால கிடக்கு. 1984ல நோர்மன் ரோசென்தால் எண்ட மனநல டொக்டர் விவரிச்ச பருவகால மனச்சோர்வு அங்கதான் கனக்க. தை மாசத்தில அங்கயிருந்து அக்கா போனில "ஒண்டுக்கும் மனமில்ல" எண்டு சொன்னா "சும்மா செல்லம்" எண்டு நினைக்காதீங்க, கண் வழியும் தோல் வழியும் ரெண்டும் அடைபட்டுக் கிடக்குது.

கடைசியா ஒண்டு, மனநலத்துக்கு மருந்து எடுக்கிறவங்களுக்கு இது கட்டாயம் தெரியவேணும். குளோர்ப்ரோமசீன் மாதிரி சில மருந்துகள் தோல யூவிக்கு சுறுக்கா எரியப்பண்ணும். லித்தியம் எடுக்கிறவங்க கச்சான் காலத்தில வேர்த்துக் கொட்டி தண்ணி குடிக்காம இருந்தா இரத்தத்தில லித்தியம் கூடி ஆபத்தாகும். எலிக்காய்ச்சல் வராம இருக்க வயலுக்கு இறங்கிறவங்களுக்குக் குடுக்கிற டொக்ஸிசைக்கிளினுக்கும் இந்த எரிவுக் குணம் இருக்கு, கந்தளாய், மூதூர்ப் பக்கம் வயல் செய்யுறவங்க கை மூடின சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு இறங்குங்க. மருந்த நீங்களா நிப்பாட்டாதீங்க, டொக்டரிட்ட கேளுங்க. நடந்தும், நித்திரை சரியாகியும் ரெண்டு கிழமைக்கு மேல மனம் எழும்பேல்ல எண்டா அது வெயிலால தீருற விசயம் இல்ல, ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்க, இல்லாட்டி இலங்கையில மனநல உதவி இலக்கம் 1926க்கு அடிச்சுக் கதையுங்க.